கை தூக்க மாட்டேன்

ஸ்டுட்கார்ட்,
12 நவம்பர் 1972

அன்புள்ள அக்காவுக்கு,

வாசு எழுதுவது. எனக்குச் சளியைத் தவிர வேறு கேடு இல்லை. இந்த ஊரில் நவம்பரில் சளி பிடிக்காதவனைத்தான் டாக்டரிடம் அனுப்ப வேண்டும். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? மாமாவைக் கேட்டதாகச் சொல்.

நேற்று நடந்ததை உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அதில் பாதிக் குற்றம் உன்னுடையது. நான் பாஸ்கெட்பால் ஆடும் கிளப்பில் பத்துப் பேர். எட்டு ஜெர்மானியர்கள், நான், கானா நாட்டிலிருந்து கட்டடக் கலை படிக்க வந்திருக்கும் கோஃபி. நேற்று ஆட்டம் முடிய நாலு நிமிஷம் இருக்கும்போது எனக்கு நாலு ஃபவுல் ஆகிவிட்டது. ஐந்தானால் வெளியே. அதனால் கேப்டன் டீட்டர் என்னை எடுத்து பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார். கழுத்தில் துண்டோடு உட்கார்ந்திருக்கிறேன். எதிரணிக்காரன் கூடையை நோக்கிப் பாய்ந்தான், டீட்டர் அவனை இடுப்பில் ஒரு இடி இடித்தார். விசில். நடுவர் கணக்கு எழுதும் மேசைப் பக்கம் திரும்பி விரலைக் காட்டுகிறார்: பதினொன்று. அது என் பனியன் நம்பர்!

அக்கா, என் கை தானாக மேலே போய்விட்டது. ஆறாம் வகுப்பிலிருந்து நீ பழக்கிய பழக்கம். நம்பர் சொன்னால் உடனே கையைத் தூக்கு, மேசைக்காரருக்குத் தெரியட்டும், மூஞ்சியைச் சுளிக்காதே. பெஞ்சில் உட்கார்ந்தபடியே, செய்யாத ஃபவுலுக்கு, ஆடாத நான் கையைத் தூக்கிவிட்டேன். ஹால் முழுக்கச் சிரிப்பு.

டீட்டரும் கையைத் தூக்கி, "இடித்தது நான்" என்றார். நடுவர் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார், களத்தைப் பார்த்தார், "அப்படியானால் ஏழு" என்றார். ஏழு கோஃபி. அவன் மறுகோடியில் நின்றிருந்தான். அவனுக்கு அது ஐந்தாவது.

கோஃபி கையைத் தூக்கிக் காட்டிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, துண்டில் பாதி கேட்டான். எனக்கு இன்னும் காது சூடாகத்தான் இருக்கிறது. பதினைந்து வருஷமாக விசில் ஊதுகிறவள் நீ. இது என்ன நியாயம் என்று நீயே சொல்.

உன் தம்பி,
வாசுதேவன்


கரூர்,
29 நவம்பர் 1972

அன்பு வாசுவுக்கு,

அக்கா கிரிஜாவின் ஆசிகள். அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டே ஊரெல்லாம் நடக்கிறாள், கவலைப்படாதே. மிளகும் சுக்கும் தட்டிப் பொட்டலம் அனுப்பியிருக்கிறேன், வெந்நீரில் போட்டுக் குடி.

பெஞ்சில் இருந்து நீ கை தூக்கியதைப் படித்து நானும் மாமாவும் வயிறு வலிக்கச் சிரித்தோம். ஆனால் நடுவர் படும் பாட்டை நீ அறியமாட்டாய். இரண்டு கண், பத்துப் பேர், ஒரு நொடி. அந்த ஆள் நம்பரைக் குழப்பிக்கொண்டிருப்பான், அவ்வளவுதான். நிறம் பார்த்து ஃபவுல் கொடுக்க யாருக்கடா நேரம் இருக்கிறது? ஆட்டக்காரர் எல்லாருக்கும் நடுவர் தன்னையே குறிவைப்பதாகத்தான் தோன்றும்.

போன வாரம் திருச்சியில் ஜில்லா பெண்கள் இறுதி ஆட்டம், நான்தான் ஊதினேன். அரசு நல விடுதிப் பெண்கள் முதல் தடவையாக இறுதிக்கு வந்திருந்தார்கள். சந்திரா என்று ஒருத்தி, நல்ல உயரம், ஆட்டமும் உண்டு. ஃபவுல் கொடுத்தால் கையைத் தூக்காமல், "நான் என்னங்க டீச்சர் பண்ணுனேன்?" என்று முறைத்துக்கொண்டு நின்றாள். ஒழுங்கு மீறலுக்கான டெக்னிக்கல் ஃபவுல் கொடுத்தேன். இரண்டு நிமிஷத்தில் ஐந்தாவதும் ஆகி வெளியே போனாள். மாநிலத் தேர்வுப் பட்டியலில் இருந்த பெயரையும் ஒழுங்கு போதாது என்று எடுத்துவிட்டார்கள். பாவம்தான். ஆனால் கை தூக்குவது தோற்றுப்போவது இல்லை, அது ஆட்டத்துக்குக் கொடுக்கும் மரியாதை. இதை நீ மறக்காதே.

உன் அக்கா,
கிரிஜா


ஸ்டுட்கார்ட்,
13 டிசம்பர் 1972

அன்புள்ள அக்கா,

பொட்டலம் வந்தது. ஆய்வகத்தில் பாதிப்பேர் சுக்கு வெந்நீர் குடித்துத் தும்மிக்கொண்டிருக்கிறார்கள். நான் தேறிவிட்டேன். அம்மாவை நடந்தது போதும் என்று உட்காரச் சொல்.

உன் கடிதத்தைப் படித்த பிறகும் நான் முடிவை மாற்றவில்லை. செய்த ஃபவுலுக்கு இரண்டு கையையும் தூக்குவேன். செய்யாததற்குச் சுண்டுவிரலைக்கூடத் தூக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை அப்படி ஒன்று வந்தது. கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். "கை!" என்றார் அதே நடுவர். "நான் தொடவில்லை" என்றேன். டெக்னிக்கல். மறுபடி "கை!" என்றார். மறுபடி நின்றேன். ஹாலை விட்டே அனுப்பிவிட்டார். போட்டிகளை நடத்தும் லீக்குக்குப் புகாரும் எழுதியிருக்கிறார்.

நிறம் பார்க்க யாருக்கு நேரம் என்று கேட்டாய். நேரமே வேண்டாம் அக்கா. ஆய்வகத்தில் இரும்புக் கம்பியை இழுத்து அறுக்கும் இயந்திரம் ஒன்று இருக்கிறது. போன மாதம் அதன் முள், கம்பி எதுவும் மாட்டாதபோதே இரண்டு கிலோவில் நின்றது. இயந்திரத்துக்கு என் கம்பி மேல் விரோதமா? இல்லையே. பூஜ்யமே தப்பான இடத்தில் இருந்தது, அதனால் அளந்ததெல்லாம் தப்பு. அந்த நடுவர் ரயில்வேயில் கிளார்க். ஆட்டம் முடிந்தால் எல்லோருக்கும் கை கொடுப்பார். கெட்டவர் என்று நான் சொல்லவே மாட்டேன்.

கோஃபி தடுக்கும்போது எப்படி நிற்கிறான் தெரியுமா? இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு. நான் வந்த புதிதில் அது கானா நாட்டுப் பாணி என்று நினைத்துவிட்டேன். இரண்டு வருஷமாக ஃபவுலுக்குப் பயந்து பழகிக்கொண்டதாம். அப்படி நின்றவனுக்குத்தான் அன்று "கையால் தள்ளினான்" என்று ஃபவுல்!

டீட்டரிடம் பழைய ஸ்கோர் ஷீட்டுகளின் கார்பன் நகல்கள் இருக்கின்றன. யாருக்கு எத்தனை ஃபவுல் என்று எண்ணப் போகிறேன்.

வாசு


கரூர்,
3 ஜனவரி 1973

வாசுவுக்கு,

எல்லோரும் சௌக்கியம். புது வருஷத்தில் உனக்கு நல்ல புத்தி வரட்டும்.

இரும்புக் கம்பியும் நானும் ஒன்றா? பரீட்சை எழுதி வாங்கிய நடுவர் பேட்ஜ் இது. ஆண் நடுவர்கள் நடுவில் புடவையைச் செருகிக்கொண்டு ஓடி ஓடிப் பெயர் எடுத்திருக்கிறேன். "கிரிஜா டீச்சர் ஊதினால் கேள்வி இல்லை" என்பார்கள், இந்த ஜில்லாவில் எவரை வேண்டுமானாலும் கேட்டுப் பார்.

நீ போனது படிக்க. புகார் உன் பேராசிரியர் காதுக்குப் போய் ஸ்காலர்ஷிப்பை நிறுத்தினால் என்ன செய்வாய்? ஒரு வரி மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஆடப் போ. மன்னிப்புக் கேட்டால் கை தேய்ந்துவிடாது.

கிரிஜா


ஸ்டுட்கார்ட்,
19 ஜனவரி 1973

அன்புள்ள அக்கா,

நீ கோபத்தில் "அன்பு" போடாமல் எழுதியதைக் கவனித்தேன். நான் போட்டிருக்கிறேன். உடம்பு நன்றாக இருக்கிறது, பனி முழங்கால்வரை கிடக்கிறது. அம்மாவுக்கு வலி குறைந்ததா?

எண்ணி முடித்துவிட்டேன். போன சீசனையும் சேர்த்து இருபது ஆட்டம். எங்கள் அணிக்கு மொத்தம் 380 ஃபவுல். களத்தில் ஐந்து பேர், அதில் கோஃபியும் நானும் பாதிப் பாதி நேரம்தான் ஆடியிருக்கிறோம். பங்கு போட்டால் எங்கள் இருவருக்கும் சேர்த்து 76 வர வேண்டும். வந்திருப்பது 158. ஒரே ஒரு ஆட்டத்துக்கு அமெரிக்கப் படைமுகாமிலிருந்து ஒரு கறுப்பு நடுவர் வந்தார். அன்று கோஃபிக்கு ஒன்று, எனக்கு ஒன்று. ஒரு ஆட்டத்தை வைத்து எதுவும் சொல்லக் கூடாது என்று எனக்கே தெரியும். ஆனாலும் எழுதி வைத்திருக்கிறேன்.

மார்ச் 3-ஆம் தேதி லீக் குழு என்னை விசாரிக்கிறது. எழுத்தில் மன்னிப்புக் கேட்டால் உடனே ஆடலாம். கேட்காவிட்டால் ஒரு வருஷம் தடை. நான் கேட்கப் போவதில்லை. கணக்கைத்தான் கொடுக்கப் போகிறேன்.

இன்னொன்றும் சொல்கிறேன், அடிக்க வராதே, நடுவில் கடல் இருக்கிறது. ஜில்லாச் சங்கத்து ஷீட்டுகளை எல்லாம் பத்திரமாக வைத்திருப்பவள் நீதான். பச்சை டிரங்குப் பெட்டியில் ஐந்து வருஷத்து ஷீட்டு இருக்கும். அந்த விடுதி அணியின் ஃபவுல்களை மட்டும் எண்ணிப் பாரேன். நீ சரியாக இருந்தால் எனக்கு நாலு அறை அறைந்த மாதிரி எழுது, வாங்கிக்கொள்கிறேன்.

தம்பி வாசு


ஸ்டுட்கார்ட்,
20 பிப்ரவரி 1973

அன்புள்ள அக்கா,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா? கோபம் என்றால் திட்டியாவது எழுது. தபால்காரரைப் பார்த்துப் பார்த்து அவர் பெண்டாட்டி பெயர்வரை தெரிந்துகொண்டுவிட்டேன்.

பெட்டியைப் பற்றி நான் எழுதியது உன்னை நோகடித்திருந்தால், நோகடித்ததற்கு வருந்துகிறேன். கேட்டதற்கு வருந்தவில்லை.

வாசு


கரூர்,
24 பிப்ரவரி 1973

அன்பு வாசுவுக்கு,

எல்லோரும் நலம். அம்மாவுக்குப் புது வைத்தியர் எண்ணெய் கொடுத்திருக்கிறார். இங்கே வெயில் இப்போதே ஆரம்பித்துவிட்டது. மாமா வேலைக்குப் போய் வருகிறார். பள்ளிக்கூடத்துக் கிணறு வற்றுகிறது.

பெட்டியைத் திறந்தேன். வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

அக்கா


ஸ்டுட்கார்ட்,
14 மார்ச் 1973

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கிணறு வற்றுவதை எனக்கு எழுதுகிறவள் இல்லை நீ. சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா? அதையாவது எழுது.

என் கதை முடிந்தது: ஒரு வருஷம் தடை. குழுவில் மூன்று பேர். என் தாளைக் கையில் வாங்கி, மடித்து, ஃபைலில் வைத்துவிட்டார்கள். தலைவர் என்னிடம் அன்பாகத்தான் பேசினார். "உங்கள் ஊர்க்காரர்களுக்குக் கை கொஞ்சம் வேகம், இயல்பு அது, குறை சொல்லவில்லை" என்றார். மன்னிப்புத் தாளைத் தட்டச்சு செய்தே வைத்திருந்தார்கள், கையெழுத்து மட்டும் பாக்கி. "எல்லாருடைய நல்லதுக்கும்" என்று பேனாவை நீட்டினார். பேனாவை மூடி அவர் கையிலேயே கொடுத்தேன்.

வெளியே டீட்டர் நின்றிருந்தார். அவர் இதுவரை "விடு, ஆட்டம்தானே" என்று சொல்லிக்கொண்டிருந்தவர். கை வேகம் என்று தலைவர் சொன்னதை நான் சொல்லக் கேட்டதும் அவருக்குக் கழுத்துவரை சிவந்துவிட்டது. போன சனிக்கிழமை கடைசி ஆட்டம். நான் பார்வையாளர் வரிசையில். எங்கள் ஆட்கள் தடுக்க நின்றபோது ஐந்து பேரும் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். டீட்டர், கோஃபி, எல்லாரும். ஆட்டம் முழுக்க! எதிரணி வீட்டுக்குள் நுழைகிற மாதிரி நுழைந்து பந்தைப் போட்டது. தொண்ணூற்றொன்றுக்கு முப்பத்திநாலு என்று தோற்றோம். அதிலும் ஃபவுல் கொடுத்தார்கள் அக்கா. மொத்தம் நாலு. ஜெர்மானியர் எல்லோருக்கும் சேர்த்து ஒன்று. கோஃபிக்கு மூன்று. மூன்றாவதைக் கொடுத்துவிட்டு அந்த ரயில்வே கிளார்க் தன் விசிலையே ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றார்.

நீ பயந்த மாதிரியே பேராசிரியருக்கும் கடிதம் போயிருக்கிறது. கூப்பிட்டார். என் கணக்கைக் கேட்டு வாங்கிப் பென்சிலால் கூட்டிப் பார்த்தார். "நூற்று ஐம்பத்தெட்டு இல்லை, ஐம்பத்தேழு. கூட்டலில் கவனம் வேண்டும்" என்று திருப்பிக் கொடுத்தார். ஸ்காலர்ஷிப் பத்திரம்.

பெட்டியில் என்ன இருந்தது, அக்கா?

வாசு


கரூர்,
4 ஏப்ரல் 1973

என் அன்பு வாசு,

சாப்பிடுகிறேன். தூக்கம்தான் சரியில்லை. அம்மாவுக்கு எண்ணெய் பிடித்திருக்கிறது, உன்னைக் கேட்கிறாள்.

பிப்ரவரியிலேயே எண்ணிவிட்டேன். நம்பாமல் இரண்டாம் தடவை எண்ணினேன். மாமாவைக் கூப்பிட்டு, எதற்கென்று சொல்லாமல், மூன்றாம் தடவை எண்ணச் சொன்னேன். விடுதி அணிக்கு நான் ஊதிய ஆட்டம் ஒன்பது. ஆட்டத்துக்கு இருபத்திரண்டு ஃபவுல், எதிரணிக்குப் பதிமூன்று. வேறு நடுவர்கள் ஊதிய ஆட்டம் ஆறு. அதே பெண்கள், அதே ஆட்டம், பதினைந்துதான். மற்ற நடுவர்களுக்குப் பதினைந்து, கேள்வியே இல்லாத கிரிஜா டீச்சருக்கு இருபத்திரண்டு.

உனக்கு "நல விடுதி" என்று எழுதினேன். சேரிப் பெண்கள் என்று எழுதக் கை வரவில்லை. என்னை நான் ஜாதி பார்க்காதவள் என்றுதான் நினைத்திருந்தேன். என் வகுப்பில் எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறவள். ஆனால் கண்ணை மூடி அந்த இறுதி ஆட்டத்தை நினைத்தால் ஒன்று தெரிகிறது. மற்றப் பெண்கள் ஓடி வரும்போது விசில் என் கழுத்தில் தொங்குகிறது. அந்தப் பெண்கள் ஓடி வந்தால், இடிப்பதற்கு முன்னாலேயே, பல்லுக்கு நடுவில் வந்துவிடுகிறது. எப்போது வந்தது என்று எனக்கே தெரியவில்லை. உன் இயந்திரத்தை நான் திட்டியிருக்கக் கூடாது.

சந்திரா "நான் என்னங்க டீச்சர் பண்ணுனேன்?" என்று கேட்டாளே, அதற்குப் பதில் என்னிடம் அன்றும் இல்லை. பதில் இல்லாததால்தான் டெக்னிக்கல் கொடுத்தேன். அந்தப் பெண்ணின் மாநில வாய்ப்பை என் ஒரு ஊதலில் எடுத்துவிட்டேன், வாசு. அழுகை வருகிறது, அதைவிட ஆத்திரம் வருகிறது.

சங்கத்துக்குக் கணக்கோடு எழுதினேன்: டெக்னிக்கலை நீக்குங்கள், அவளை மறுபடி பட்டியலில் சேருங்கள் என்று. செயலாளர் சுவாமிநாதன் சார் பதில் போட்டார். இந்த மாதிரி குழப்பத்தை எழுத்தில் வைப்பது சங்கத்துக்கு அழகில்லையாம், நம்பிக்கை இல்லாவிட்டால் பேட்ஜைத் திருப்பித் தரலாமாம். தர மாட்டேன். நான் போய்விட்டால் எண்ணத் தெரிந்தவர் ஒருவர் குறைவார், அவருக்கு அதுதானே வேண்டும்?

நீ அந்தத் தாளில் கையெழுத்துப் போடாததே சரி. நான் சொன்னதை மறந்துவிடு. மன்னிப்புக் கேட்க வேண்டியவள் கேட்டுவிட்டேன். சந்திராவுக்கு, விடுதி முகவரிக்கு, மூன்று பக்கம். எண்களையும் எழுதிவிட்டேன்.

அக்கா கிரிஜா


ஸ்டுட்கார்ட்,
16 ஏப்ரல் 1973

என் அக்கா,

நலமாக இருக்கிறேன், உன்னாலேயே இன்னும் கொஞ்சம் நலமாக. கடிதத்தைக் கோஃபிக்கு வரி வரியாகச் சொன்னேன். "உன் அக்கா மூன்று தடவை எண்ணினாளா?" என்று மட்டும் கேட்டான்.

இங்கே ஒவ்வொரு கிளப்பும் லீக்குக்கு இரண்டு நடுவர்களைத் தந்தாக வேண்டும் என்று விதி. கோஃபியும் நானும் பரீட்சைக்குப் பெயர் கொடுத்துவிட்டோம். எனக்கு ஆடத்தான் தடை, ஊதத் தடை இல்லை. குழுத் தலைவர் விதிப் புத்தகத்தை இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

சந்திரா பதில் எழுதினாளா?

வாசு


கரூர்,
6 மே 1973

அன்பு வாசுவுக்கு,

அம்மா படியேறி மொட்டைமாடிக்குப் போய் வடாம் போடுகிறாள், இனி அவளைப் பற்றி விசாரிக்காதே. பரீட்சையில் இரண்டு பேரும் தேறுங்கள்.

சந்திரா எழுதவில்லை. நேரிலேயே வந்தாள், கூட மூன்று பெண்கள். என் கடிதம் அவள் கையில் நாலாக மடித்து இருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. காப்பி கொண்டுவரச் சொன்னேன், வேண்டாம் என்றாள். நான் மன்னிப்பு என்று ஆரம்பித்ததுமே நிறுத்திவிட்டாள்.

"அதெல்லாம் எழுத்துல படிச்சாச்சுங்க டீச்சர். எங்களுக்கு அந்த ஆட்டம் வேணும்ங்க."

அதே அணி, அதே எதிரணி, மறுபடி ஒரு ஆட்டம். எங்கள் பள்ளிக்கூட மைதானத்தில் நடத்த யார் அனுமதியும் எனக்கு வேண்டியதில்லை. மாநிலத் தேர்வாளர்கள் மூவரையும் நேரில் போய்க் கூப்பிட்டேன். இரண்டு பேர் வருகிறார்கள். சுவாமிநாதன் சார் வரவில்லை, மற்ற இருவரைத் தடுக்கவும் அவரால் முடியவில்லை.

திருச்சியிலிருந்து நல்ல நடுவராக இருவரை வரவழைக்கிறேன், நான் ஓரமாக நிற்கிறேன் என்று சந்திராவிடம் சொன்னேன். அதுதான் நியாயம் என்று நினைத்தேன். அவள் மற்ற மூன்று பெண்களையும் பார்த்தாள்.

"வேண்டாங்க. நீங்களே ஊதுங்க டீச்சர்," என்றாள். "இந்தத் தடவ நாங்களும் எண்ணுவோம்."

உன் அக்கா,
கிரிஜா